நோஞ்சான் நாற்றுக்கு உரம் எப்போது?

ஒரே நாளில் விதைத்த நாற்றுகளெல்லாம் நிமிர்ந்து நிற்கும். நடுவில் ஒன்று மட்டும் வெளிறிப்போய், தலை தொங்கி, போன வாரம் இருந்த உயரத்திலேயே நிற்கும். அதைப் பார்த்ததும் கை தானாக உர டப்பாவைத் தேடிப் போகும். நாற்று வளர்க்கிற எல்லோருக்கும் இந்தத் தவிப்பு தெரியும். அக்கறையால் வருவது என்பதால் அதை அடக்குவதும் சிரமம்.

மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றையும் விதையிலிருந்தே வளர்த்து வருகிறேன். பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான விஷயம் ஒன்று உண்டு. நோஞ்சானாக நிற்கும் நாற்று பெரும்பாலும் பசியால் அப்படி நிற்பதில்லை. வேருக்குக் காற்றுப் போகவில்லை, இல்லையென்றால் வெளிச்சம் போதவில்லை, அதுவும் இல்லையென்றால் வேர்ப்பகுதி குளிர்ந்து கிடக்கிறது. இவற்றைச் சரிசெய்யாமல் உரம் ஊற்றினால், பிழைக்க இருந்த வாய்ப்பும் குறைந்துவிடும். நின்றுபோன நாற்றை முதலில் வளர வைக்க வேண்டும். அது வளரத் தொடங்கிய பிறகுதான் உரத்துக்கு வேலை.

விதைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தக்காளி, மிளகாய் விதையை நறுக்கிப் பார்த்தால் சுருண்டு கிடக்கும் கருவைச் சுற்றிக் கருவூண் என்ற சேமிப்புத் திசு இருக்கும். முளைக்கும் கரு அதை உறிஞ்சிக்கொண்டுதான் வேர் விடுகிறது. அவரை, பூசணி வகைகளில் வித்திலைகளே, அதாவது முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலைகளே சேமிப்புக் கிடங்கு. அதனால்தான் அவை அவ்வளவு தடிமனாக இருக்கின்றன. எப்படியானாலும் முளைத்து மேலே வந்து வித்திலைக்கு அடுத்து வரும் முதல் நிஜ இலைகள் விரியும் வரைக்கும் தேவையான தாதுச் சத்து அம்மா செடி கட்டிக்கொடுத்ததிலேயே ஏறக்குறைய இருக்கிறது. வித்திலைகள் பச்சையானதும் வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிக்கவும் தொடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் வெளியிலிருந்து நாற்றுக்கு வேண்டியது வெளிச்சம், அளவான ஈரம், வெதுவெதுப்பு, வேருக்குக் காற்று. அவ்வளவுதான்.

17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். அவர் இறந்த பிறகு 1648இல் இந்தக் குறிப்பு அச்சானது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டியது பாதிதான் சரி. கார்பன் காற்றிலிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒளி படும்போதுதான் பச்சை இலைகள் ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்று 1779இல் யான் இங்கன்ஹௌஸ் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். ஒரு செடியைக் காயவைத்து எடை போட்டால் அதில் சுமார் 45 சதவீதம் கார்பன், கிட்டத்தட்ட அதே அளவு ஆக்சிஜன், சுமார் 6 சதவீதம் ஹைட்ரஜன். தழைச்சத்து (நைட்ரஜன்) 1.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதைவிட மிகக் குறைவு. நாம் உரமாகக் கொடுப்பதெல்லாம் சேர்ந்தே செடியின் உடம்பில் ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கு இல்லாமல் செடி வாழாது என்பதும் உண்மை. ஆனால் வெளிச்சம் போதாத செடிக்கு உடம்பைக் கட்டும் பொருளே இல்லை. அந்தக் குறையை எந்த உரத்தாலும் ஈடுகட்ட முடியாது.

சரி, நோஞ்சான் நாற்று ஒன்று கையில் இருக்கிறது. எங்கிருந்து பார்ப்பது? நான் எப்போதும் கீழேயிருந்துதான் தொடங்குவேன்.

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்ததும் எவ்வளவு கனம், காய்ந்தபோது எவ்வளவு கனம் என்பது கைக்குச் சீக்கிரமே பழகிவிடும். விரலை மேல்மண்ணில் வைத்துப் பார்ப்பது போதாது. மேலே காய்ந்திருக்கும், கீழே சேறாக இருக்கும். சின்னத் தொட்டிகளில் இந்த ஆபத்து அதிகம். தொட்டியில் நிரப்பும் எந்தக் கலவையிலும் தண்ணீர் வடிந்து நின்ற பிறகு அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் தங்கியே இருக்கும். அந்த உயரம் கலவையைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது அல்ல. அதனால் ஆழமான தொட்டியில் அது அடியில் ஒரு பட்டை மட்டும்; குழித்தட்டின் குட்டிக் குழியில் அதுவே பாதிக் குழி.

ஈரம் தங்கினால் என்ன கெடுதல்? ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். வேரும் மூச்சு விடுகிற உறுப்புதான். மூச்சு விட்டுக் கிடைக்கும் ஆற்றலைச் செலவழித்துத்தான் அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் உள்ளே இழுக்கிறது. காற்று இல்லாத வேர் சுற்றிலும் சத்து இருந்தாலும் எடுத்துக்கொள்ள முடியாமல் கிடக்கும். மேலே இலை வெளிறும். பார்க்கிறவருக்குப் பசி என்று தோன்றும். உரக் கரைசல் ஊற்றுவார். அதோடு இன்னும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து போகும். நாற்று வளர்ப்பில் அதிகம் சேதம் செய்வது இந்தச் சுழற்சிதான் என்பது என் கணிப்பு.

தக்காளி இதைத் தெளிவாகவே காட்டிக்கொடுக்கும். நீர் தேங்கிய வேரில் எத்திலீன் என்ற செடி ஹார்மோனுக்கு முந்தைய பொருள் ஒன்று சேர்ந்து, தண்டு வழியாக மேலே ஏறும். ஆக்சிஜன் உள்ள இலைக்கு வந்ததும் அது எத்திலீனாக மாறும். இலைக்காம்பின் மேற்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட வேகமாக நீளும். இலை கீழே வளைந்து தொங்கும். தாகத்தால் தொங்கும் இலையும் இதுவும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தாகமுள்ள இலை துவண்டு தொளதொளவென்று இருக்கும். நீர் தேங்கியதால் வளைந்த இலை விறைப்பாகவே இருக்கும். கனமான தொட்டி, விறைப்பாகத் தொங்கும் இலை இரண்டும் சேர்ந்து வந்தால் செய்ய வேண்டியது காயவிடுவதுதான். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, அடியில் காற்றுப் போகும்படி கம்பி வலை மாதிரி ஒன்றின் மேல் தொட்டியை வைத்தால் சீக்கிரம் சரியாகும். அடுத்த தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். இரவு முழுக்க ஈரத்தில் நிற்காது.

சந்தேகம் தீரவில்லையென்றால் நாற்றைக் கலவையோடு மெதுவாக வெளியே எடுத்து வேரைப் பார்த்துவிடலாம். வெள்ளை வேர், நுனியில் பிசிறு பிசிறாக நுண்வேர் என்றால் நிம்மதி. பழுப்பேறி, இழுத்தால் மேல்தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றால் அழுகல். அடிக்கடி சின்னக் கறுப்பு ஈக்கள் கலவையிலிருந்து எழும்பினால், அவற்றின் புழுக்கள் நுண்வேரைக் கடித்துக்கொண்டிருக்கலாம். அவையும் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தைத்தான் தேடி வரும்.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாகச் சுருங்கி, நாற்று அப்படியே சாய்ந்துவிட்டால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் செய்யும் வேலை. பித்தியத்தைப் பூஞ்சை என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது நீரில் நீந்தும் வித்துகளை விடும் வேறொரு குடும்பம், அதனால்தான் ஈரத்தில் அவ்வளவு வேகமாகப் பரவுகிறது. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. கலவையோடு அப்புறப்படுத்திவிட்டுப் பக்கத்து நாற்றுகளுக்குக் காற்றோட்டம் கொடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். இந்த நேரத்தில் தழைச்சத்து கொடுப்பது நோய்க்கு உதவி செய்வதாகும். மென்மையாக வளரும் திசுவில்தான் அது சுலபமாக நுழையும்.

வேர் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தது வெளிச்சம். தண்டு வெளிறி நீண்டு, முதல் இலைக்கும் மண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடிப் போகிறது. ஜன்னலோரம் நம் கண்ணுக்குப் பிரகாசமாகத்தான் தெரியும். நம் கண் குறைந்த வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இலைக்கு அப்படி ஏமாற்றிக்கொள்ளத் தெரியாது. விளக்கு வைத்து வளர்க்கிறவர்கள் ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வரை வைப்பது போதும். விளக்கை நாற்றுக்கு அருகே கொண்டுவந்து, அது வளர வளர உயர்த்திக்கொண்டே போங்கள். இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சீக்கிரம் தேறட்டும் என்று 24 மணி நேரமும் விளக்கை எரிய விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தக்காளியும் கத்தரியும் இதைத் தாங்காது. இடைவிடாத வெளிச்சத்தில் அவற்றின் இலைகள் திட்டுத்திட்டாக மஞ்சளாகும். அதையும் பசி என்று நினைத்து உரம் கொடுப்பதுண்டு. இருட்டு கொடுத்தால் புதிதாக வரும் இலைகள் பச்சையாக வரும்.

நீண்டுபோன நாற்றுக்குத் தழைச்சத்து கொடுத்தால் இன்னும் நீளும். தக்காளியாக இருந்தால் வித்திலை வரைக்கும் தண்டைப் புதைத்து மாற்றி நடலாம், புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாய் அந்த அளவுக்கு ஒத்துழைக்காது. நாற்றுகளின் உச்சியை உள்ளங்கையால் தினமும் சில தடவை மென்மையாகத் தடவிக்கொடுத்தால் தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் வரும். தொடுதலுக்குச் செடி இப்படி வடிவம் மாறுவதை மார்க் ஜாஃபி என்ற ஆராய்ச்சியாளர் 1973இல் ஆராய்ந்து அதற்கென்று ஒரு பெயரும் வைத்தார். சின்ன மின்விசிறியின் காற்றும் இதே வேலையைச் செய்யும், கூடவே மண்ணின் மேற்பரப்பையும் காயவைக்கும். எனக்கு மின்விசிறியைவிடக் கையால் தடவுவதுதான் பிடிக்கும். தினமும் ஒவ்வொரு நாற்றையும் பக்கத்திலிருந்து பார்க்க அது ஒரு காரணமாகிவிடுகிறது. பிரச்சினை தொடங்கும் நாளிலேயே கண்ணில் படும்.

மூன்றாவது குளிர். தக்காளி நாற்றின் இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறினால் மணிச்சத்துக் குறைபாடு என்று எல்லா அட்டவணைகளிலும் போட்டிருக்கும். அட்டவணையில் தவறில்லை. ஆனால் மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாக நகரும் சத்து. வேர் நீண்டு அதைத் தேடிப் போய்த்தான் எடுக்க வேண்டும். வேர்ப்பகுதி 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் வேர் வளர்வதும் சத்தை எடுப்பதும் மிகவும் குறைந்துவிடும். கலவையில் மணிச்சத்து தாராளமாக இருந்தாலும் இலை ஊதாவாகும். தட்டை வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றினால் எந்த உரமும் இல்லாமலே புது இலைகள் பச்சையாக வருவதைப் பார்க்கலாம். சில ரகங்களுக்குத் தண்டு பிறவியிலேயே ஊதா. ஆகவே பக்கத்தில் இருக்கும் அதே ரக நாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கவலைப்படலாம்.

இந்த மூன்றையும் பார்க்காமல் உரம் கொடுத்தால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்கலாம். பெரும்பாலான ரசாயன உரங்கள் தண்ணீரில் கரைந்ததும் உப்புதான். வெள்ளரித் துண்டில் உப்பைத் தூவினால் நீர் விடுமே, அடர்ந்த கரைசலில் நிற்கும் வேருக்கும் அதே நிலைதான். வளர்ந்த செடிக்கு வேர் நிறைய உண்டு, ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபக்கம் சமாளிக்கும். நாற்றுக்கு இருப்பதே சில அங்குல வேர். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுவது, இலை இயல்புக்கு மீறிக் கரும்பச்சையாகி நுனி உள்நோக்கிக் கொக்கிபோல வளைவது, மண்மேல் வெள்ளைப் படலம் படிவது எல்லாம் உப்பு கூடிவிட்டதன் அடையாளங்கள். அப்படி ஆனால் தொட்டி நன்றாக வடியும் என்ற நிச்சயம் இருந்தால், தொட்டியின் கொள்ளளவுக்குச் சில மடங்கு சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடி வழியே வெளியேற விட்டு, பிறகு காயவிட வேண்டும்.

யூரியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் 46 சதவீதம் தழைச்சத்து. மலிவாகவும் சுலபமாகவும் கிடைப்பதால் ஒரு சிட்டிகைதானே என்று போடுகிறார்கள். யூரியா முதலில் அம்மோனியமாக மாறி, பிறகு நுண்ணுயிரிகள் மூலம் நைட்ரேட்டாக மாற வேண்டும். மண் சேர்க்காமல் நார்க்கழிவு போன்றவற்றால் புதிதாகக் கலந்த மண்ணில்லாக் கலவையில் அந்த நுண்ணுயிரிகள் போதிய அளவில் இருக்காது. குளிராகவும் ஈரமாகவும் இருந்தால் மாற்றம் இன்னும் தாமதமாகும். நடுவில் தேங்கும் அம்மோனியம் இளவேரைச் சுடும். மட்காத எருவும் இதே காரணத்தால்தான் நாற்றைக் கொல்கிறது. நாற்றுத் தொட்டிக்கு யூரியா வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

அப்படியானால் உண்மையான பசி எப்படி இருக்கும்? நாற்று நிற்கும் கலவை எது என்பதிலிருந்துதான் இதற்குப் பதில் தொடங்குகிறது. மட்கிய உரமோ மண்புழு உரமோ நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு சேர்த்த கலவை என்றால், மாற்றி நடும் வரைக்கும் தனியாக எதுவும் கொடுக்காமலே பல நாற்றுகள் ஓடிவிடும். வெறும் தென்னை நார்க்கழிவு என்றால் கதை வேறு. அதில் நாற்று எடுத்துக்கொள்ளும் சத்து மிகக் குறைவு. போதாததற்குப் பொட்டாசியமும் சோடியமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் கால்சியமும் மக்னீசியமும் கொடுத்தால் அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். அதனால் நார்க்கழிவை நன்றாக அலசி, முடிந்தால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலசிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. அதில் நிற்கும் நாற்றுக்கு முதல் ஜோடி நிஜ இலை முழுதாக விரிந்ததும் உரம் தேவைப்படத் தொடங்கும்.

அப்புறம் வித்திலையைப் பாருங்கள். நாற்றின் நிலையைச் சொல்வதில் வித்திலைக்கு நிகரான உறுப்பு வேறில்லை. நிஜ இலைகள் இரண்டு மூன்று ஜோடி நல்ல பச்சையாக வந்த பிறகு வித்திலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது இயல்பு. அதிலிருந்த சத்தைச் செடி உறிஞ்சி மேலே அனுப்பிவிட்டது. முதல் நிஜ இலையே சரியாக விரியாத நிலையில் வித்திலை வெளுத்தால் வேரில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. நாற்று வளர்கிறது, குருத்து உயிரோட்டமாக இருக்கிறது, தொட்டியின் எடை நாளுக்கு நாள் நன்றாகக் குறைகிறது, ஆனால் வித்திலை வேகமாக மஞ்சளாகி, அதற்கு மேலுள்ள நிஜ இலையும் வெளிறத் தொடங்குகிறது. இதுதான் பசி. தண்ணீரைக் குடித்துக்கொண்டே வெளிறும் நாற்றுக்கு உடனே உரம் கொடுக்கலாம். தண்ணீரே குடிக்காமல் வெளிறும் நாற்றுக்குக் கொடுக்கக் கூடாது. இதை நான் நாற்றுகளிடமிருந்து கற்றுக்கொண்டவற்றில் மிகவும் பயனுள்ளதாக நினைக்கிறேன்.

எந்த இலையில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே குறை முதலில் கீழிலையில் தெரியும். கீழிலை முழுக்க ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து; நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளானால் பெரும்பாலும் மக்னீசியம். இரும்பும் கால்சியமும் போரானும் போன இடத்திலேயே தங்கிவிடும். அவற்றின் குறை குருத்தில் தெரியும். புது இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு. அதற்கும் காரணம் இரும்பே இல்லாமல் போனதைவிட, தண்ணீரின் காரத்தன்மையால் அது கரையாமல் கிடப்பதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மண்ணில்லாக் கலவையில் பி.எச். என்ற அமில-கார அளவு 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. மிளகாயில் குருத்து சுருண்டு கோணலாக வந்தால் உரத்தை மறந்துவிட்டு இலையைத் திருப்பி உருப்பெருக்கியில் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்பது பெரும்பாலும் பொருந்தும்.

இப்போது அளவு. நீரில் கரையும் 19:19:19 உரத்தை வைத்துச் சொல்கிறேன், கணக்குச் சுலபம். அந்த மூன்று எண்களும் வரிசையாகத் தழை, மணி, சாம்பல் சத்துகளைக் குறிப்பவை. அதில் 19 சதவீதம் தழைச்சத்து. 1 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைத்தால் 190 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 190 மில்லிகிராம் தழைச்சத்து. முதல் தடவை நாற்றுக்கு 50 பிபிஎம் போதும், அதாவது லிட்டருக்குக் கால் கிராம். கால் கிராமை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. அதனால் 10 கிராமை 1 லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 25 மில்லியை எடுத்து 1 லிட்டராக நிரப்புங்கள். தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரேட்டாக இருக்கும் உரமாகப் பார்த்து வாங்குவது நல்லது, பொட்டலத்தின் பின்பக்கத்தில் பிரித்துப் போட்டிருப்பார்கள். 19:19:19இல் கால்சியம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வெறும் நார்க்கழிவில் வளர்க்கிறவர்கள் இடையிடையே கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் அடர்த்தியாக ஒரே பாத்திரத்தில் கரைத்தால் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், 1938இல் ஹோக்லாண்ட், ஆர்னான் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் வெளியிட்ட ஊட்டக் கரைசல் இன்றும் ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது. முழு வலிமையில் அதில் தழைச்சத்து 210 பிபிஎம். அது வளர்ந்த செடிக்கான அளவு. இளநாற்றுக்கு அதையே கால் பங்காக நீர்க்கச் செய்துதான் கொடுப்பார்கள். கணக்குப் பார்த்தால் நாம் சொன்ன 50 பிபிஎம்முக்கே வந்து நிற்கிறது.

வீட்டில் ஊறவைத்து நொதிக்கவைத்துத் தயாரிக்கும் கரைசல்களைப் பற்றிப் பலர் கேட்பார்கள். வளர்ந்த செடிக்கு ஊற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நோஞ்சான் நாற்றுக்கு வேண்டாம் என்பேன். ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் அதன் வலிமை மாறும். எவ்வளவு உப்பு, எவ்வளவு அம்மோனியம் என்று தெரியாது. ஏற்கெனவே தடுமாறும் நாற்றிடம் அளவு தெரியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு அது வாடினால் எதனால் வாடியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கொடுக்கும் விதமும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. காய்ந்து கிடக்கும் கலவையில் உரக் கரைசலை ஊற்றாதீர்கள். முதலில் சாதாரணத் தண்ணீரில் லேசாக நனைத்துவிட்டு அப்புறம் கரைசல். அடி வழியே கொஞ்சம் வெளியேறும் அளவுக்கு ஊற்றினால் பழைய உப்பும் கழுவிப் போகும். அடுத்த இரண்டு தடவை தண்ணீர் மட்டும். பிறகு பார்க்க வேண்டியது புது இலையைத்தான். கருகிய பழைய இலை எந்த வைத்தியத்திலும் திரும்பி வராது, அதைப் பார்த்துக்கொண்டு மேலும் மேலும் உரம் கொடுப்பதில் அர்த்தமில்லை. வெளிறிய இலை ஓரளவு பச்சை திரும்பலாம். ஆனால் உரம் கொடுத்த பிறகு விரிகிற இலை என்ன நிறத்தில், என்ன அளவில் வருகிறது என்பதுதான் நம்பகமான பதில். அதற்கு ஒரு வாரமாவது ஆகும். அதுவரை வேறு எதையும் மாற்றக் கூடாது. வெளிச்சத்தையும் இடத்தையும் உரத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். அடுத்த நாற்றுக்கு அந்த அனுபவம் பயன்படாது.

புது இலை முந்தையதைவிடப் பெரிதாகவும் பச்சையாகவும் வந்துவிட்டால் அளவை 100 பிபிஎம்முக்கு, அதாவது லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேலே உயர்த்தலாம். பெரிய தொட்டிக்கு மாற்றி நட்ட உடனே மட்டும் சில நாள் இடைவெளி விடுங்கள். என்ன கவனமாக மாற்றினாலும் நுண்வேர் அறுபடும். அது ஆறிப் புது வேர் விட்ட பிறகு, குருத்து மறுபடி நகர்வதைப் பார்த்துவிட்டுத் தொடரலாம். ரொம்பப் பெரிய தொட்டிக்கு ஒரேயடியாக மாற்றுவதும் நோஞ்சான் நாற்றுக்கு ஆகாது. வேர் போய்ச் சேராத கலவை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், பழைய தொல்லை மறுபடி தொடங்கும்.

எல்லா நாற்றும் தேறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வித்திலைகளுக்கு நடுவே உற்றுப் பாருங்கள். சின்னஞ்சிறு குருத்து ஒன்று தெரிந்தால், எவ்வளவு மெலிந்திருந்தாலும் நான் அந்த நாற்றை விடமாட்டேன். விதையுறை தொப்பியாக மாட்டிக்கொண்டு வித்திலை விரியாமல் இருந்தாலும் அப்படித்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறவிட்டு, அது தானாக நெகிழ்ந்த பிறகு மெதுவாகக் கழற்றிவிடலாம். குருத்தே இல்லாமல் வித்திலை மட்டும் தடித்துக் கரும்பச்சையாக நின்றால், அது வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், மேலே எதுவும் பெரும்பாலும் வராது. மிளகாயில் இது அவ்வப்போது நடப்பதுதான். அதை எடுத்துவிட்டு, பருவம் மீதமிருக்கும்போதே அந்தக் குழியில் புதுக் கலவை நிரப்பி மறுபடி விதைத்துவிடுங்கள்.